அவள் என்ன சொல்கிறாள்

பூண்டு மூட்டையைப் பின்னால் திணித்துவிட்டு
முன் இருக்கையில் வந்து உட்கார்ந்தாள் சுக்ரா.
பிஷ்கெக் சந்தையிலிருந்து தோக்மோக்குக்கு அறுபது கிலோமீட்டர்.
நாலு பேர் சேராமல் நான் கிளம்புவதில்லை.
அன்று பனி. ஒருத்திதான். கிளம்பினேன்.

பழைய ஹோண்டாவை விற்று
மைத்துனனிடம் பாதி கடன் வாங்கி எடுத்த வண்டி.
தோருகார்ட் கணவாய் வழியே
லாரியின் முதுகில் ஏழெட்டுச் சகோதரிகளோடு வந்தது.
சாவி இல்லை, உறுமல் இல்லை.
திரை முழுக்கச் சீன எழுத்து,
எனக்கு அது எறும்புகளின் கல்யாண ஊர்வலம்.

அப்புறம் அந்தக் குரல்.
கதவைத் திறந்தால் ஒன்று சொல்லும்,
பெல்ட் போட மறந்தால் ஒன்று.
ருஷ்யமாக்கித் தர
கார் பஜார் பையன் ஆறாயிரம் சோம் கேட்டான்.
ஆறாயிரத்துக்கு ஒரு குளிர்கால டயர் வரும்.
பேசட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஆறு மாதமாய்ப் பேசிக்கொண்டிருக்கிறோம்.
அது ஏதோ சொல்லும்,
நான் தவணைத் தேதியைச் சொல்வேன்.
ஒருநாள் கூட வந்த என் மனைவி
காது கொடுத்துக் கேட்டுவிட்டு,
"உன்னிடம் இவ்வளவு மரியாதையாய்
யாரும் பேசி நான் பார்த்ததில்லை" என்றாள்.

இவானோவ்கா தாண்டியதும்
அந்த நீண்ட வாக்கியம் வந்தது.
தினமும் இருட்டும் நேரத்தில் வருவது.
பிரேக்கில் ஏதோ கோளாறு என்று நினைத்து
இரண்டு முறை பிரித்துப் பார்த்திருக்கிறேன்.

சுக்ரா சிரித்தாள்.
"களைத்துவிட்டீர்களாம்.
ஓரமாய் நிறுத்தி ஓய்வெடுக்க வேண்டுமாம்."

உங்களுக்குச் சீனம் தெரியுமா?

"சீனமில்லை, துங்கான். எங்கள் வீட்டு அடுப்படிப் பேச்சு.
சாப்பாடு, தூக்கம், களைப்பு வரைக்கும் புரியும்.
பேட்டரிக்கெல்லாம் எங்களிடம் ருஷ்யச் சொல்தான்."

பேரரசின் படை துரத்த
அவள் ஆட்கள் நடந்தே கடந்ததும்
அந்த மலையைத்தானாம்.
நூற்றைம்பது வருடம் ஆகிறதாம்.
கால்விரல்களைப் பனிக்குக் கொடுத்துவிட்டு
நாக்கை மட்டும் கொண்டுவந்தார்களாம்.
பூண்டுக்கு விலை சொல்வதுபோலச் சொன்னாள்.

பிறகு திரைப் பக்கம் குனிந்து
சந்தைக் குரலில் ஏதோ கேட்டாள்.
நீல வட்டம் சுழன்றது.
வண்டி இரண்டு சொல் சொன்னது,
மன்னிப்புப் போல இருந்தது.
மறுபடி கேட்டாள்,
காது மந்தமான ஒருவருக்குப் போல
ஒவ்வொரு சொல்லாய்.

கூரைத் திரை மெல்ல விலகியது.

தலைக்கு மேலே கண்ணாடி, அதன்மேல் பனி,
பனிக்கு நடுவே பின்னோக்கி ஓடும்
பாப்லர் கிளைகள்.
ஆறு மாதத்தில் நான் அறியாத ஜன்னல்.

என்ன கேட்டீர்கள்?

"நீ எந்த ஊர்ப் பெண் என்று."

பேட்டரியில் பத்தொன்பது.
தோக்மோக்குக்கு இன்னும் இருபது கிலோமீட்டர்.
ஹீட்டரை அணைத்தேன்.
மேலே திறந்ததை மூடச் சொல்ல
எங்கள் இருவருக்குமே தெரியவில்லை.