வரிசை எண் முப்பத்தொன்று

பாலம் எங்களுடையது என்றால்
யாரும் நம்புவதில்லை.
அரசாங்கத்தைத் திட்டியபடிதான்
சாவடியில் சில்லறை தேடுகிறார்கள்.

அர்வான் கழிமுக வர்த்தக சபை.
ரொட்டிக் கடைக்காரர்கள், படகுக்குச் சாயம் விற்பவர்,
மூக்குக்கண்ணாடிக் கடை ஒதில் மொர்வேன்.
இப்போது அவர்தான் தலைவர்.
கண்ணாடி துடைக்கிற துணியால் அவர்
ஒரு விமான ஓடுதளத்தையும் மீன் ஏலக்கூடத்தையும்
இரண்டு கிலோமீட்டர் தொங்குபாலத்தையும்
துடைத்துக்கொண்டிருப்பதாக
உள்ளூர்ப் பத்திரிகை கேலிச்சித்திரம் போட்டது.
சட்டமிட்டுக் கடையில் மாட்டிக்கொண்டார்.

நான் கணக்கர்.
சொத்துப் பதிவேடு என் மேசையில்.
வடக்கம்பிகள், காற்றுமானி,
கடற்காக எச்சம் கழுவும் குழாய்:
எல்லாவற்றுக்கும் ஓர் எண், ஒரு வயது,
வருடா வருடம் ஒரு தேய்மானம்.
ஆற்றின் மேல் இரும்பை உப்பு தேய்த்தது.
ஏட்டில் எனக்கு முன்னிருந்த இருவரும் நானும்
முப்பத்தைந்து வருடம் தேய்த்து
பாலத்தைச் சுழியத்துக்குக் கொண்டுவந்துவிட்டோம்.
சுழியத்தின் மேல்
நாற்பது டன் லாரிகள் போகின்றன.

டிசம்பர் முப்பத்தொன்று நள்ளிரவில்
ஒப்பந்தம் முடிகிறது. பாலம் அரசுக்கு.
ஒப்படைக்கும் கோப்புக்காக நிலவறையில் இறங்கி
பழைய கூட்டக் குறிப்பேடுகளைத் தூசி தட்டினேன்.

நவம்பர் 1984. மழை என்று எழுதியிருக்கிறது.
பாலம் கட்டக் கடன் வாங்கலாமா?
வட்டி பதினொன்றரை.
பேச்சு நீண்டது. கூச்சல்.
சவ அடக்கம் நடத்தும் ஃபிர்மேன் தால்போ எழுந்தார்:
‘செவ்வாய்க்கிழமை பெட்டியோடு
படகுக்காக மூன்று மணி நேரம் நின்றேன். மூடுபனி.
வண்டிக்குள்ளிருந்து அந்த அம்மாள்
ஏழு தடவை மணி கேட்டார்.’
உட்கார்ந்தார்.

அடுத்த வரி:
படகு உரிமையாளர் திரு. எவாரிஸ்த் கெர்மாரெக்
வெளியே சென்றார், 9.40.
வாக்கெடுப்பு, 9.45.
ஆதரவு இருபத்தெட்டு. எதிர்ப்பு இருபத்தேழு.
திரு. கெர்மாரெக் திரும்பினார், 9.52.

புகைக்கப் போனார் என்று இல்லை.
ஆற்றைப் பார்க்கப் போனார் என்றும் இல்லை.
எழுதியவர் நேரத்தை மட்டும் எழுதினார்.
நல்ல குறிப்பெழுத்தர்கள் அப்படித்தான்.

மூன்று தலைமுறைப் படகு.
அவர் ஒரு கையை உயர்த்தியிருந்தால்
இருபத்தெட்டுக்கு இருபத்தெட்டு,
தீர்மானம் விழுந்திருக்கும்.
ஆறு கடக்கும் வரை அண்ணன் தம்பி என்பார்கள்;
கடந்தபின் இவருக்கு யார் என்ன கொடுத்தார்கள் என்று
பக்கம் பக்கமாகத் தேடினேன்.
ஒரே ஒரு பதிவு:
படகுத்துறைச் சாய்தளம், கருங்கல், ஒன்று.
சபை வாங்கியது. விலை: ஒரு பிராங்க்.
ரசீதில் கெர்மாரெக்கின் கையெழுத்து,
கயிறு கட்டுகிறவரின் கை, அழுத்தி.

அமைச்சகத்திலிருந்து திபோ வஸ்ஸல் வந்தார்.
இளைஞர், புது பூட்ஸ்.
இரண்டு நாள் வடங்களை எண்ணினார்,
தூணுக்குள் இறங்கி விளக்குகளை எண்ணினார்.
ஒவ்வொன்றாகப் பென்சிலால் அடித்துக்கொண்டே வந்தவர்
முப்பத்தொன்றில் நின்றார்.
‘சாய்தளமா? பாலத்தில் சேராது. உங்களுக்கே.’
நாங்கள் அதை நீக்க மறந்திருந்தோம்,
நாற்பது வருடமாக, மூன்று கணக்கர்களும்.

ஜனவரி.
சாவடி அங்கேயே இருக்கிறது, கட்டணமும்.
திட்டு மட்டும் இப்போது
சரியான முகவரிக்குப் போகிறது.
வற்றத்தின்போது போய்ப் பார்த்தேன்.
பச்சைப் பாசி. ஒரு பெண் வாளியோடு
கல்லிடுக்கில் சிப்பி பெயர்த்துக்கொண்டிருந்தார்.
சாய்தளம் ஆற்றுக்குள் இறங்கி
அப்புறம் தெரியவில்லை.

முதல் கூட்டத்தில் முன்வைத்தேன்:
பாசி சுரண்ட, ஆண்டுக்கு நானூறு யூரோ.
ஒதில் கண்ணாடியைக் கழற்றிச் சுற்றிலும் பார்த்தார்.
எல்லாக் கைகளும்.

குறிப்பேட்டில் நேரத்தை எழுதினேன், 9.45.
கீழே, யாரும் கேட்காமலே, இன்னொரு வரி:
வெளியே சென்றவர்கள், இல்லை.