அரைக் குழி

ஆஸ்பத்திரி வீதியில்
எமிலியானுஸின் மூக்குக்கண்ணாடிக் கடை
ஆறரைக்கு ஷட்டரைப் பாதி இறக்கும்.
குனிந்து உள்ளே போவேன்.
பகல் முழுக்க ஊரார் காணியை அளந்த சர்வேயர்
இனி என் காணியைத் தொலைக்கப் போகிறேன்.

பலகை, பழைய கதவொன்றின் நடுத்துண்டு.
பத்தொன்பதுக்குப் பத்தொன்பது கோடு,
மில்லிமீற்றர் பிசகாமல் நானே கீறியது.
"கோடு திறம் வாகீசி,
விளையாட்டுத்தான் கொஞ்சம் சரிவு."
கறுப்புக்குக் கோட் பொத்தான்.
வெள்ளைக்குப் பள்ளிக்கூடச் சட்டைப் பொத்தான்.
ஒன்று குறைந்ததால்
ஒரு பனடோல் குளிசை.

ஆட்டத்தின் பெயர் கோ.
"கோ எண்டால் அரசன்," என்றேன் முதல்நாள்.
"கோ எண்டால் மாடுமாம்," என்றார்.
அதற்குள் என் மூலை
மேய்ந்து முடிந்திருந்தது.

விதி லேசு.
கல்லை வை, வேலியை அடை.
கண் இரண்டு இருந்தால் கூட்டம் உயிர்,
ஒன்றென்றால் சாவு.
இந்த இடத்தில் மட்டும் அவருக்குத்
தொழில் குரல் வந்துவிடும்:
"இடப்பக்கம் மங்கல்.
வடிவாப் பாருங்கோ,
அது கண்ணில்லை, பொய்க்கண்."

சுவரில் தொங்கும் எழுத்து அட்டையில்
அடிவரி வரைக்கும் எனக்குத் தெரியும்.
இரண்டு விரல் தள்ளி வரும் ஆபத்துத்தான்
தெரியாது.

நேற்று நடுப்பலகையில் இழுபறி.
அவர் ஒரு கல்லைத் தூக்கினால்
நான் அதே இடத்தில் உடனே திருப்பித் தூக்கக்கூடாது;
வேறெங்காவது போய்
ஒரு வம்பு வைத்துவிட்டு வரவேண்டும்.
இந்தச் சட்டத்தையா எனக்குப் படிப்பிக்க வேண்டும்?
போன கிழமை உடுவிலில்
ஒருவர் கதியாலை ஒரு சாண் தள்ளி நட்டார்.
மற்றவர் கதியாலைத் தொடவேயில்லை,
போய் அவருடைய முருங்கையைத் தறித்தார்.
அவர் வந்து இவருடைய
கிணற்றுக் கப்பியைக் கழற்றினார்.
அதன் பிறகுதான் இவர்
கதியாலைத் திருப்பி நட்டார்.
அளவுச் சங்கிலியோடு நடுவில் நின்ற நான்
மனதுக்குள் கை தட்டினேன்.
சுத்தமான ஆட்டம்.

கடைப் பெடியன் நிறோஜன்
தேத்தண்ணிக் கோப்பையைக் கொண்டுவந்து
பலகையில் வைத்தான், சரி நடுவில்.
நாங்கள் ஒன்றரை மணித்தியாலம் அடிபட்டும்
பிடிக்க முடியாத இடம்.

பிறகு எண்ணினோம்.
பதினெட்டுக் குழி ஒரு பரப்பு,
என் வாய்க்கு வேறு கணக்கு வராது.
எனக்கு நான்கு பரப்பு.
அவருக்கு மூன்று பரப்பு பன்னிரண்டு குழி,
பின்னுக்குத் தொடங்கியவர் என்ற சலுகையில்
இன்னும் ஆறரை.
அரைக் குழியால் தோற்றிருந்தேன்.
அரைக் குழிக்காக மூன்று தலைமுறை
வழக்குப் பேசுகிற ஊரில்
இதை எப்படி விடுவது?

கண்ணாடிக்கூட்டு மூடியில் என் கைதிகளைக்
கொட்டித் திரும்ப எண்ணினேன்.
பனடோலைக் காணவில்லை.

"எமிலியானுஸ்."
"என்ன?"
"நான் பிடிச்ச குளிசை எங்கை?"
அவர் கூரையைப் பார்த்தார்.
"உங்கட யோசனை முடியுறதுக்கிடையில
எனக்குத் தலையிடி வந்திட்டுது."

கைதியை விழுங்கிவிட்டார்!
அதைச் சேர்த்தால் அரைக் குழியால் வெற்றி எனக்கு.
"செத்த கல்லுத்தானே," என்றார்,
"செத்ததை எண்ணுறதோ?"
"எண்ணுறதெண்டுதான் சட்டம்."
"சாட்சி?"
நிறோஜன் கோப்பையைக் கழுவியபடி சொன்னான்:
"நான்தான் தண்ணி குடுத்தனான்."

தீர்ப்புக்குத் தவணை போட்டோம்.
நான் அங்கேயே இருந்து
பலகை முழுவதற்கும் ஒரு வரைபடம் கீறி,
வடக்குத் திசை காட்டி,
கையெழுத்து வைத்து முத்திரை குத்தி,
பனடோல் பிடிபட்ட இடத்தில்
சிவப்பில் ஒரு புள்ளி வைத்து நீட்டினேன்.

எமிலியானுஸ் கிட்டப்பார்வைக் கண்ணாடியைப் போட்டார்.
தூரப்பார்வைக் கண்ணாடியைப் போட்டார்.
இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டார்.

"எனக்கு ஒண்டும் தெரியேல்லை," என்றார்.