ஏழை

கிளப் என்றால் என் வீட்டில் அந்த வெள்ளைக் கட்டடம்.
நாங்கள் தடி என்போம்.
பதினான்கு தடி, ஒரு குடை, தண்ணீர்ப் போத்தல்,
பிரஷர்க் குளிசை வைத்த சின்னத் தகரப்பெட்டி.
காலை ஆறுக்கு இவ்வளவும் என் இடது தோளில் ஏறும்.
பின்னால் பேரின்பநாயகம் சேர், கையுறையை இழுத்துவிட்டபடி.
என் சட்டையில் பதினேழு என்று அச்சடித்திருக்கும்.
பெயர் சவிரிமுத்து.
அதற்குச் சட்டையில் இடமில்லை.

பொரளைப் பக்கத்து மரங்களைச் சோழகம் ஒரே திசைக்கு
வாரிவிடுகிற மாதம்.
"மூன்றாம் வுட் எடுங்கோ சேர், காத்து முகத்துக்கு நிக்குது."
அவர் டிரைவரை உருவுவார்.
உறையைக் கழற்றி என்னிடம் எறிவார்.
பந்தை இடது குதிக்கு நேரே வைக்கச் சொல்வேன்,
நடுவில் வைப்பார்.
பந்து கொஞ்ச தூரம் நேர்மையாகப் போய்
பிறகு வலப்பக்கம் உறவினர் யாரையோ கண்டதுபோல் திரும்பும்.
கொக்கு நின்ற இடத்துக்கு மூன்றடி இந்தப் பக்கம்
நான் கண்டெடுப்பேன்.
"நல்ல அடிதான், புல்லுதான் சரியில்ல" என்பார்.
ஓம் சேர்.

அவிசாவளை ரயில் மைதானத்தை இரண்டாக அறுத்துக்கொண்டு வரும்.
அது கடக்கும்வரை யாரும் அடிக்கக் கூடாது.
ஒருநாள் வாசல் கம்பியைப் பிடித்தபடி என் மகள்,
நுகேகொடைக்கு டியூசன் போகிறவள்.
கண்டாள்.
கை காட்டவில்லை.
நானும் காட்டவில்லை, இரண்டு கையிலும் அவருடைய தடிகள்.

அன்றைக்குத்தான் அந்தக் குழி.
கொடிக்கு நூற்றிநாற்பது யார்,
முன்னால் குளம், கரையில் கபரகொய்யா ஒன்று
வரி கட்டாத காணிக்காரனைப் போலப் படுத்திருந்தது.
"எட்டு" என்றார்.
முப்பது வருடமாக நூற்றிநாற்பதென்றால் அவருக்கு எட்டு.
அவருக்கு அறுபத்தாறு வயது.
அவருடைய எட்டுக்கு இன்னும் முப்பத்தாறுதான்.

எண் இருப்பது இரும்பின் அடியில்.
நிலத்தில் வைத்தால் புல்லுக்குள் போய்விடும்.
கையில் கொடுக்கிற அந்த ஒரு கணம்தான் ஆபத்து.
கட்டைவிரலால் மூடி, பிடியை அவர் பக்கம் நீட்டினேன்.
எட்டைக் கேட்டவர் கையில் ஏழை வைத்தேன்.
தமிழில் அந்தச் சொல்லுக்கு இரண்டு பொருள்.
அவர் இரண்டையும் பார்க்கவில்லை.

தோளகலத்துக்குக் கால். இடது தோள் கொடிக்குச் சற்று இடப்பக்கம்.
இடுப்பு முதலில், கை பிறகு.
அடித்த சத்தத்திலேயே தெரிந்தது,
தேங்காய் சரிபாதியாய் உடைகிற சத்தம்.
பந்து குளத்தைத் தாண்டி, ஒருதரம் குதித்து,
கொடிக்கு எட்டடியில் உட்கார்ந்தது.
"பாத்தியா? எட்டு!"
நான் தடியைத் துடைத்து, எண் உள்ளே போகும்படி
பையில் செருகினேன்.
எட்டடியை மூன்று தரம் தட்டி முடித்தார்.
மேடு ரயில் பாதைப் பக்கம் சாய்கிறது என்று சொல்லியிருந்தேன்.

அடுத்த கிழமை எனக்குக் காய்ச்சல்.
இருபத்திரண்டாம் நம்பர் பொடியன் போனான்.
கேட்டதை அப்படியே கொடுத்தானாம். நேர்மையான பொடியன்.
இரண்டு பந்து குளத்தில்.
எட்டின் கழுத்து வளைந்துவிட்டதென்று
கடைக்கு அனுப்பினார் சேர்.
வளையவில்லை என்று கடைக்காரன்
பில்லோடு திருப்பி அனுப்பினான்.

நான் மீண்டும் போன நாள், அதே இடம், அதே நூற்றிநாற்பது.
சேர் கொடியையே பார்த்துக்கொண்டு நின்றார்.
எண் சொல்லவில்லை.
வலது கையை மட்டும் பின்னால் நீட்டினார்,
டொக்டரிடம் நாடி கொடுக்கிறவர் போல, விரல் விரித்து.

காற்று கொஞ்சம் கூடியிருந்தது.
நான் ஆறை எடுத்தேன்.
கட்டைவிரலை எங்கே வைப்பதென்று
எனக்கு அப்போது தெரியவில்லை.
ரயில் வருகிற சத்தம் கேட்டது.
இரண்டு பேரும்
அது போகட்டும் என்று நின்றோம்.