ஒன்றரை றாத்தல்

கொழும்பில் மூன்றை விரித்துக் காட்டினானாம்.
பஸ்ஸில் ஒன்பது மணித்தியாலம் வந்த களைப்பிலும்
இவர் சொன்ன முதல் விசயம் அதுதான்.
மூன்று. கறுப்புத் துணியில்.
தாலிக்கொடிக்குப் போன நாளில்கூட
ஒன்றைத்தான் காட்டினார்கள் எங்களுக்கு.

சபைக்கு வென்ற பிறகு
இரண்டு பொலிசு கேட்டார், கிடைத்தது ஒரு கடிதம்.
அந்தக் கடிதத்துக்குத்தான் இந்த மூன்றும்.

முதலாவது சுழல்துப்பாக்கி. ஆறு குண்டு.
சிக்காது, நம்பலாம்,
இடுப்பில் மாங்காய் கட்டினமாதிரித் துருத்தும்.
இரண்டாவது தட்டை, பதின்மூன்று குண்டு,
பிடி இவர் கைக்குப் பெருப்பம்.
மூன்றாவது உள்ளங்கைக்குள் அடங்கும்.
"பொம்பிளையள் வைக்கிறது" என்று கடைக்காரன் சிரித்தானாம்.
அதனால் இரண்டாவது.

எந்தப் பக்கம் சரிந்து படுப்பாய்,
கூட்டத்தில் எப்படிக் குந்துவாய்
என்று ஒருவரும் இவரைக் கேட்கவில்லை.
நான் கேட்டேன்:
சாரத்தில எங்க வைப்பீங்க?

அரிசித் தராசில் வைத்துப் பார்த்தேன்.
ஒன்றரை றாத்தல், குண்டு இல்லாமல்.
பாணென்றால் எங்கள் நாலு பேருக்கும் காலைச் சாப்பாடு.

கல்முனையில், ஆதம்லெவ்வை காக்காட தையல்கடையில்
ஆறு சேட்டு. உடம்பு கூட்டி, நாலு விரல் இறக்கி.
"தம்பி மெலிஞ்செலுவா இரிக்கார், சேட்டு ஏன் கொழுக்குது?"
கேட்டுவிட்டு அவரே
குண்டூசியை வாயில் கவ்விக்கொண்டார்.
வெள்ளை வேண்டாம் என்றேன், கட்டம் போட்டது எடுங்க.
இத்தனை கட்டத்துக்குள்
இன்னொரு கட்டம் தெரியாது.

மறுகா பழகியது வீடு.
விழுந்த சாவியை எடுக்க இவர் குனியமாட்டார்,
பிள்ளைத்தாச்சிபோல முழங்கால் மடித்து இறங்குவார்.
சின்னவள் இடப்பக்கமாய் ஓடிவந்து கட்டிப்பிடிக்கிறாள்,
யாரும் சொல்லிக்கொடுக்காமல்.
கடல்காற்றிலும் கறள், வேர்வையிலும் கறள்.
ஞாயிறு பின்னேரம் தையல்மெசின் எண்ணெய் கேட்பார்.
என் மெசின் கத்தத் தொடங்கியது.
கோயில் நின்றது.
கடவுளுக்கு ஒளிக்க முடியாதென்று இல்லை,
உள்ளே போனால் சேட்டைக் கழற்றவேணும்.

ஒருநாளும் எடுத்ததில்லை.
எடுக்கவேண்டியவன் வரவே இல்லையா,
வந்தவன் அந்தத் தொளதொளச் சேட்டைப் பார்த்துத்
திரும்பிப் போனானா, ஆருக்குத் தெரியும்.

செட்டிபாளையத்தில் ஒரு செத்தவீடு.
இவருக்கு வயிறு சரியில்லை.
கக்கூசில், தண்ணித் தொட்டி விளிம்பில்
எடுத்து வைத்தவர் வைத்தபடி வந்துவிட்டார்.
ஒன்றரை மணி நேரம்.
யாரோ சொன்ன பழைய கதைக்குச் சிரித்தார், கண்டேன்,
இரண்டு கையையும் தலைக்குப் பின்னால் கோத்துக்கொண்டு
கதிரையில் சாய்ந்து.
அப்படி இருந்து பார்த்து எத்தனை நாள்.

பரஞ்சோதியக்கா குசினிப் பக்கம் என்னைக் கூப்பிட்டாள்.
சொப்பிங் பை, இரட்டை முடிச்சு.
"இந்தாகா, மீன்" என்றாள், எல்லாருக்கும் கேட்க.
செத்தவீட்டில் ஏது மீன்?
தேங்காய் துருவியவர்கள் துருவினார்கள்.
ஒருத்தி மட்டும் தலை நிமிர்த்திப்
பையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், குனிந்தாள்.
பரஞ்சோதியக்காவுக்கு இரண்டு பொடியன்கள் இருந்தார்கள்.
கை நடுங்கவில்லை அவளுக்கு.
பாரம் தெரிந்தவள் தூக்குவதுபோல்
அடியில் ஏந்தித் தந்தாள்.

இருட்டுப்பட மோட்டர்சைக்கிளில் வந்தோம்.
மாங்காடு தாண்டும்போது இவர் ஒரு கையை விட்டு
இடுப்பைத் தடவினார். மற்றப் பக்கம் தடவினார்.
வண்டி ஒருமுறை ஆடியது.
பிடரி வேர்த்து நனைந்ததை
எதிரே வந்த லொறி வெளிச்சத்தில் கண்டேன்.
சேட்டு காற்றில் ஊதி ஊதி என் முகத்தில் அடித்தது.
மடியில் பை. நான் பேசவில்லை.
களுதாவளைச் சந்தி வரட்டும் என்று இருந்தேன்,
ஏனென்று இன்னும் எனக்குத் தெரியாது.

சந்தியில்தான் சொன்னேன்:
மீன் என்னிட்ட இரிக்கு.