ஒரு திருத்தம்

பாடாங் செராய்க் கடைத்தெருவில்
என் பெயரைச் சொல்லிக் கேட்டால் வழிகாட்ட ஆளில்லை.
திருத்தம் கடை எது என்று கேளுங்கள்,
எண்ணெய் நிலையத்து வங்காளதேசப் பையன்கூடக் கைநீட்டுவான்.
டயர் ஒட்டுகிறவன், அதனால் வந்த பெயர் என்று
புதிதாகக் குடிவந்தவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள்.
நான் மறுப்பதில்லை.

ஐந்தாம் ஆண்டு. பச்சை இல்லம்.
பச்சைப் பனியன் கடையில் ஆறு வெள்ளி.
அம்மா அப்பாவின் வெள்ளைப் பனியனைச் சாயத்தில் முக்கி
அடுப்புக்கு மேலே கொடி கட்டிக் காயவைத்தாள்.
முதல் சுற்றிலேயே வேர்வையோடு சாயம் இறங்கி
கால்சட்டை, தொடை, காலுறை.
'டேய், வெட்டுக்கிளி!' என்றான்
சிவப்பு இல்லத்து மாசிலாமணி,
என்னை முந்திக்கொண்டு,
இரண்டாவது முறையாக.

எண்ணூறு மீட்டர், எங்கள் திடலுக்கு நாலு சுற்று.
டிராக்டரில் வடித்த பழைய எண்ணெயை ஊற்றிப்
புல்லைக் கருக்கிக் கோடு போட்டிருந்தார்கள்.
மற்றவர்கள் ஓடி முடித்து
மைலோ வேனுக்கு வரிசை கட்டியபோது
எனக்கு இன்னும் ஒரு சுற்று மிச்சம்.
யாராவது நிறுத்தச் சொல்வார்கள் என்றுதான் ஓடினேன்.
விடாமுயற்சி, அது இது எல்லாம் இல்லை.

கடைசி வளைவு தாண்டியதும்
முதுகுக்குப் பின்னால் இரண்டு பலகைகள் அறைந்தன.
துப்பாக்கிக்குக் காசில்லாத பள்ளி.
திரும்பிப் பார்த்தால்
ஆறு பெண்கள், பன்னிரண்டு பின்னல்கள்,
என்னை நோக்கி.
பயந்து ஓடினேன்.
அப்படி அதற்கு முன்னும் ஓடியதில்லை, பின்னும் இல்லை.
தவமலரின் மூச்சு பிடரியில் சுட்டது.
நெஞ்சில் மெத்தென்று ஏதோ பட்டு அறுந்தது.
சிவப்புக் கம்பளி நூல்.

யாரோ தோளைப் பிடித்து மேடையில் ஏற்றினார்கள்.
மேடை என்றால் மூன்று சோடாப் பெட்டி.
மானேஜர் துவான் எந்தப் போட்டி என்று கேட்கவில்லை,
மூடி போட்ட மஞ்சள் தண்ணீர்ப் போத்தலைக் கொடுத்துக்
கையைக் குலுக்கினார்.
அவர் உள்ளங்கையும் பச்சையானது.
இறங்கியிருக்கலாம். சொல்லியிருக்கலாம்.
ஆனால் கூட்டத்தில் அப்பா நின்று
கைதட்டிக்கொண்டிருந்தார்.

ஒரு திருத்தம்.
அப்பா அன்றைக்கு வரவில்லை.
பால் நிறுக்கும் இடத்தில் வாளியோடு வரிசையில் நின்றார்.
கைதட்டியது மைலோ வேன் டிரைவர்.
அவர் எல்லாருக்கும் தட்டினார்.
போத்தலை நீட்டினேன், கழுத்துவரை நிரப்பிக் கொடுத்தார்.

பாதி குடித்திருப்பேன்.
தண்ணீர்த் தொட்டி மேல் கட்டியிருந்த ஒலிபெருக்கி
கரகரத்தது. எபனேசர் சார்:
'பெண்கள் பிரிவு, நூறு மீட்டர், முதல் நிலை,
குணாளன் த/பெ வீராச்சாமி.'
திடல் ஒரு கணம் பேசவில்லை.
பிறகு சிரித்தது.
'ஒரு திருத்தம்' என்றார் சார்.
என்ன திருத்தம் என்று சொல்வதற்குள் மைக் செத்துவிட்டது.

அந்தக் குழாய்ச் சத்தம் லயம் தாண்டி,
ஆயாக்கொட்டகை தாண்டி,
கித்தாத் தோப்புக்குள் இரண்டு மைல் போகும்.
அப்பாவுக்குக் கேட்டிருக்கும்.
சாயங்காலம் சைக்கிளை நிறுத்தி
என் கால்களை மேலும் கீழும் பார்த்துவிட்டு
'வேகமாத்தான் ஓடியிருக்கே' என்றார்.
கிண்டலா இல்லையா,
அவர் போய்ச் சேர்ந்து பதினொரு வருடம்,
இன்னும் முடிவாகவில்லை.

போத்தலைத் தவமலரிடம் நானே கொடுக்க வேண்டுமென்று உத்தரவு.
மீதி மைலோவை ஊற்றிவிட்டுக் கொடுக்கத் தோன்றவில்லை.
அவள் வாங்கி, குலுக்கிப் பார்த்தாள்.
நான் திரும்பி நடந்துவிட்டேன்.

போன மாதம் கடை வாசலில் ஒரு மைவி,
பின்சக்கரம் தரையோடு தரையாக.
இறங்கியவளை நடையிலேயே தெரிந்துவிட்டது.
பெயர்ப்பலகையைப் படித்தாள். ஒன்றும் சொல்லவில்லை.
ஆணியைப் பிடுங்கி, அடைத்து,
தொட்டித் தண்ணீரில் சக்கரத்தை முக்கிக்
குமிழி வருகிறதா என்று இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.
தண்ணீரைப் பார்த்தபடியே சொன்னாள்:
'போத்தல்ல மைலோ சூடாப் போயிருந்துச்சு.'

குமிழி வரவில்லை.

'குடிச்சிட்டேன்' என்றாள்.

எட்டு வெள்ளி என்றேன்.
பத்தை நீட்டி
மிச்சத்தை எண்ணி வாங்கிக்கொண்டு போனாள்.