அட்டவணை நான்கு

சைதாப்பேட்டை சந்தை, காலை ஏழு மணி.
எதிலும் அரைக் கிலோ:
கருணை, சேனை, சேப்பங்கிழங்கு,
பீட்ரூட், சக்கரவள்ளி,
தை பிறந்தால் சிறுகிழங்கு.
"தினமும் மசியலா மேடம்?" என்றாள் ரெஜினாள்.
சமைக்க இல்லை, சோதிக்க என்றேன்.
எதற்கு என்றாள்.
கேன்சர் என்ற சொல்லை அன்று
சொல்லியிருக்க வேண்டாம்.

தரமணி. மூன்றாம் மாடி. ஏசி ஒழுகும் அறை.
தோல் சீவி, வில்லை போட்டு,
உறைய வைத்து, ஈரம் உறிஞ்சி,
மாவாக்கி மெத்தனாலில் ஊறப்போட்டால்
பெயர் போய்விடும்.
அப்புறம் அது கே-3, கே-4, எஸ்-1.
துளி வினைப்பொருள் விட்டதும் நீலம் ஏறும்.
எவ்வளவு நீலம் என்று கருவி சொல்லும்:
கிராமுக்கு இத்தனை மில்லிகிராம்,
கூட்டியோ குறைத்தோ இத்தனை.
கருணை மட்டும் கையுறைக்குள் புகுந்து
இரவு வரை அரித்துக்கொண்டிருக்கும்.

அடுத்த அறையில் செல்கள்.
யாரோ ஒருத்தியின் மார்பிலிருந்து
எப்போதோ எடுத்தவை.
அவள் இல்லை. இவை இருக்கின்றன,
முப்பத்தேழு டிகிரியில்
(சித்திரையில் வெளியிலும் அதேதான்).
தொண்ணூற்றாறு குழித் தட்டில்
சொட்டுச் சொட்டாய்ச் சாறு விட்டு
மூன்றாம் நாள் பார்த்தால்
உயிரோடிருப்பவை ஊதா.
செத்த இடம் வெளிறிக் கிடக்கும்.

கே-3 பாதிக்கு மேல் வெளிறியது.
ஜாங்கிரி வந்தது.
ஹுமைரா மேடம் மட்டும் எடுத்துக்கொள்ளாமல்
"நல்ல செல் தட்டைப் பார்த்தியா?" என்றார்.
அதுவும் கொஞ்சம் வெளிறித்தான் இருந்தது.
"தட்டுல ஊத்தினா பினாயில்கூடக் கொல்லும்மா."
அந்த இரவு, பறக்கும் ரயிலில்,
டிக்கெட்டின் பின்பக்கம் கணக்குப் போட்டேன்.
அந்த அளவு ரத்தத்தில் சேர
ஒரு ஆள் தினம் தின்ன வேண்டியது
பதினெட்டுக் கிலோ.

மாசி மாதம் ரெஜினாள் கடையில் ஒரு சிலேட்டு:
"கேன்சர் ஆராய்ச்சிக்குப் போகும் கிழங்கு
இங்கே மட்டும்."
கிலோவுக்குப் பதினைந்து ரூபாய் கூட.
எனக்குக் கொத்தமல்லி சும்மா.
அழித்துவிடு என்றேன்.
"பொய்யா மேடம்?"
பொய் இல்லை.
ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

சிலேட்டின் கீழே நின்றார் அவர்,
அக்குளில் ஸ்கேன் கவர்,
கையில் இரண்டு கிலோ கருணை.
"வூட்டுல அவங்களுக்குத் தொண்டைல.
கரன்ட் இருபது வச்சாச்சு. இன்னும் பதிமூணு.
கஞ்சியே எறங்க மாட்டேங்குது.
மேடம்தான் கண்டுபுடிச்சாங்கன்னு இந்தம்மா சொல்லுது."

மேலும் ஆய்வு தேவை.
எல்லாக் கட்டுரைக்கும் கடைசி வரி.
எத்தனை முறை எழுதியிருப்பேன்.
வாயில் வரவில்லை.

"கரன்ட்டை நிறுத்திடாதீங்க" என்றேன்.
"அய்யோ, நிறுத்துவேனா?"
அவர் பையிலிருந்து கருணையை எடுத்து
குவியலில் திரும்ப வைத்தேன்.
தொண்டை அரிக்கும், இப்போது வேண்டாம்.
நாலு சக்கரவள்ளி பொறுக்கிப் போட்டேன்.
குழைய வேகவைத்து, பால் விட்டு மசித்து,
சூடு ஆறிய பிறகு.
டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு.

ரெஜினாள் என்னை முறைத்தபடியே நிறுத்தாள்.
பதினைந்து ரூபாயைச் சேர்த்தாளா,
கவனிக்கவில்லை.

இரண்டடி போய்த் திரும்பி வந்தார்.
"இதுலயும் அது இருக்கா மேடம்?"

இருக்கு என்றேன்.
அட்டவணை நான்கு, கடைசி வரிசை.
வேகவைத்தால் அதிலும்
மூன்றில் ஒரு பங்கு போய்விடும்.