இருபத்தொன்பது தசம் எட்டு

பெயரைச் சொல்ல எனக்கு அனுமதி இல்லை.
பிஸ்கட் கம்பனி என்று வைத்துக்கொள்ளுங்கள்.
கிராண்ட்பாஸ் பக்கம் பஸ்ஸில் போனவர்களுக்கு
அந்தச் சீனி கருகும் வாசம் தெரியும்.

வாங்கியவருக்கும் பெயரில்லை. முதலாளி, அவ்வளவுதான்.
ஒன்பது மாதம், ஒவ்வொரு செவ்வாயும்,
கிள்ளிக் கிள்ளி வாங்கினார்.
பூனை மதிலேறும் நிதானம்.
இருபத்தொன்பது தசம் எட்டு வீதத்தில்
அப்படியே நின்றுவிட்டார்.

முப்பதைத் தொட்டால்
மிச்சப் பங்குக்காரர் ஒவ்வொருவரிடமும் போய்
ஒரே விலையில், அதுவும் தான் கொடுத்ததில் கூடிய விலையில்,
தருகிறீர்களா என்று கேட்டாக வேண்டும்.
சட்டம் அவ்வளவே.
கோட்டையில், இரட்டைக் கோபுரத்தின் ஒரு மாடியில்,
குளிரூட்டிக்குப் பயந்து சுவெட்டர் போட்டுக்கொண்டு
நான் காவலிருப்பது
அந்தத் தசம் இரண்டுக்கு.

அதே செவ்வாய்களில்
வேறு மூன்று கணக்குகளும் வாங்கியிருந்தன.
ஒன்று அவருடைய மைத்துனி.
ஒன்று மைத்துனியின் அழகு நிலையம்.
மூன்றாவது, வத்தளை, மில்ரோய் கிறிஸ்டோபர்.
தொழில்: சாரதி.
பங்குகள்: இரண்டு லட்சத்து நாற்பதாயிரம்.

மில்ரோய் வந்தார்.
பூசைக்குப் போடும் சட்டை, கழுத்துப் பொத்தான் வரை பூட்டி.
கதிரையின் நுனியில் மட்டும் இருந்தார்.
காசு எங்கிருந்து வந்தது என்று கேட்டேன்.
“ஐயா ஒரு ஃபோர்ம்ல சைன் வைக்கச் சொன்னாரு, மிஸ்.
இன்ஷூரன்ஸ்னு நினைச்சன்.”
பிறகு, தேத்தண்ணியை ஆறவிட்டு,
“அப்ப அந்தக் கம்பனியில
எனக்கு ஒரு துண்டு இருக்குதா?”

கடதாசியில் இருக்கிறது என்றேன்.
அவர் முகத்தில் ஏதோ ஒன்று வந்து போனது.
வாக்குமூலப் படிவத்தில் அதற்கு இடமில்லை.

சேர்ந்து இயங்கினார்கள் என்று நிரூபி, என்றார் பணிப்பாளர்.
எல்லோருக்கும் தெரியும் என்பது சாட்சியமல்ல.
இரண்டு மாதம் தொலைபேசிப் பட்டியல் படித்தேன்.
கண்ணுக்குள் இலக்கங்கள் எறும்பாய் ஊர்ந்தன.
தரகருக்குப் போன கட்டளைகள், மூன்று கணக்குக்கும்,
அழகு நிலையத்தின் ஒரே இணைப்பிலிருந்து.
போய்ப் பார்த்தேன். கண்ணாடிக் கதவில்
மஞ்சள் எழுத்தில் ஒட்டியிருந்தது:
செவ்வாய்க்கிழமை விடுமுறை.

கோப்பின் அடியில் ஒரு கடிதம் கிடந்தது.
கொப்பியில் கிழித்த கோட்டுத்தாள்.
தெமட்டகொடை, சித்தி ஃபௌமிதா, நானூறு பங்கு.
கணவர் அங்கே பெட்டி ஒட்டிய காலத்தில்
போனசுக்குப் பதிலாகக் கொடுத்ததாம்.
“பெரிய குடும்பத்துக்கு நூற்று நாற்பது கொடுத்தாராம்.
எனக்குத் தரகர் தொண்ணூற்றொன்று என்கிறார்.
அவர்கள் பங்கும் என் பங்கும்
ஒரே மாவில் சுட்டதுதானே?”
அதைச் சத்தியக்கடதாசியில் சேர்க்கக் கேட்டேன்.
உவமை வேண்டாம் என்று வெட்டிவிட்டார்கள்.

புதுக்கடையில் எதிர்த்தரப்புக்கு
மூன்று ஜனாதிபதி சட்டத்தரணிகள்.
ஒருவர் எழுந்து, கனம் நீதிபதி அவர்களே,
மைத்துனிக்குப் பிஸ்கட் பிடிக்கக் கூடாதா என்றார்.
மன்று சிரித்தது. நானும் கொஞ்சம்.
இடைக்காலத் தடை கிடைத்தது.
அடுத்த தவணை மார்ச். மார்ச்சில், ஜூலை.
ஃபௌமிதாவிடம் நானூறும் இன்னும் இருக்கிறது.
விலை இப்போது எண்பத்தாறு.

நேற்று மாலை வரவேற்பிலிருந்து அழைத்தார்கள்.
கீழே மில்ரோய். அதே சட்டை.
வாக்குமூலம் கொடுத்த கிழமையே
வேலையை விட்டு நிறுத்திவிட்டார்களாம்.
இப்போது முச்சக்கரவண்டி, வாடகைக்கு.
நான்காய் மடித்த உறையை நீட்டினார்.
கம்பனியின் இலாபப்பங்குக் காசோலை.
அவர் பெயருக்கு, எழுத்துப்பிழை இல்லாமல்,
ஏழு லட்சத்து இருபதாயிரம் ரூபாய்.

“இதை மாத்தலாமா, மிஸ்?”

வெளியே கடற்காற்றில்
அவருடைய வண்டியின் படங்கு அடித்துக்கொண்டிருந்தது.
அந்தக் கணக்கை முடக்கிய கடிதத்தில்
இருப்பது என் கையெழுத்து.